தண்ணி மாமா

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உன் உடம்பும் அத்தான் உடம்பும் எப்படி? அத்தானுக்கு இருமல் மட்டுப்பட்டதா? போன கடிதத்தில் நீ அதைப் பற்றி எழுதவே இல்லை.

ஒரு நல்ல செய்தி. சாக்கடை உறிஞ்சும் லாரியிலிருந்து என்னைத் தண்ணீர் லாரிக்கு மாற்றிவிட்டார்கள். இன்னும் தற்காலிக வேலைதான். ஆனாலும் சாயங்காலம் அறைக்கு வந்து சட்டையைக் கழற்றினால் வெறும் வியர்வை வாடைதான் அடிக்கிறது. கீழே டயர் கடை வைத்திருப்பவர், "என்ன அண்ணே, உங்ககிட்ட மனுச வாசம் வருது" என்று கேட்டார்.

இங்கே மாநகராட்சி புதிதாக ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறது. நடைபாதைக்கும் ரோட்டுக்கும் நடுவில் பதித்திருந்த சிமெண்ட் கல்லைப் பெயர்த்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வைத்துச் செடி நடுகிறார்கள். ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு தெரு. ரோஜாவும் குரோட்டன்ஸும் கிடையாது. இந்த மண்ணில் தானாக முளைப்பதுதான் வேண்டும் என்று சயின்ஸ் டீச்சர் கறாராக இருக்கிறார். தும்பை, நொச்சி, கோரை, பேர் தெரியாத புல் வகைகள். பிள்ளைகள் காலி மனைகளில் விதை பொறுக்கி, பால் பாக்கெட்டில் முளைக்க வைத்து, குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி தூக்கி வருகிறார்கள். ஜெராக்ஸ் கடைக்காரருக்கு இது பிடிக்கவில்லை. "வீட்ல களை எடுக்க ஆள் கிடைக்கல. இங்க களைய நட்டு லாரியில தண்ணி ஊத்துறீங்க" என்கிறார்.

பள்ளிக்கூடத்து மணி அடிப்பதற்கு முன்னால் நான் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். முதல் நாள் குழாயைத் திறந்த வேகத்தில் பாதிக் கன்றுகள் ரோட்டுக்கே வந்துவிட்டன. பிள்ளைகள் என்னை அடிக்காத குறைதான். இப்போது குழாய் வாயில் சாக்கைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன்.

ஒரு பிள்ளை மட்டும் குழாயை யாரிடமும் விடுவதில்லை. பத்து வயது இருக்கும். ஒல்லி. கூட்டாளிகள் சுண்டெலி என்று கூப்பிடுகிறார்கள். உட்கார்ந்தால் உன்னைப் போலவே முழங்காலில் தாடையை வைத்துக்கொள்கிறாள்.

வேறு விசேஷம் இல்லை. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


ஜூன் 27

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் இருக்கிற மாதிரி இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை டீயைக் குடித்தே நாளை ஓட்டுகிறாயா?

உன் கடிதத்தை அத்தான் எனக்கு முன்னாலேயே பிரித்துவிட்டார். எதிரில் உட்கார்ந்து, வாயை நிதானமாக அசைத்து, வரி வரியாகச் சொன்னார். மனுச வாசம் வந்த இடத்தில் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்ததில் உதடு கோணிக்கொண்டது, எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு நானே வாங்கிப் படித்தேன். காது போனதற்குப் பிறகு ஊரில் எல்லோரும் என்னிடம் கத்துகிறார்கள். இவர் ஒருவர்தான் கத்தாமல் பேசுகிறார். அவர் உதட்டைத்தான் எனக்கு முழுதாகப் படிக்கத் தெரியும்.

இருமல் இருக்கிறது. எனக்குக் கேட்காது என்ற தைரியத்தில் தாராளமாக இருமிக்கொள்கிறார். முதுகு குலுங்குவதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறேன்.

ஜூன் மாதம் என்பதால் வீடு முழுக்க யூனிஃபார்ம் துணிதான். நூல் பிசிறு சோற்றில்கூடக் கிடக்கிறது. உன் லாரியைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளின் சட்டைப் பையைக் கொஞ்சம் பார். ஓரம் பிரிந்திருந்தால் அந்த ஊர்த் தையற்காரி சோம்பேறி.

அது எந்தப் பள்ளிக்கூடம், எந்தத் தெரு? நீ எழுதவில்லையே.

போனில் எழுத்து அடித்து அனுப்புகிறேன் என்று ஆரம்பித்துவிடாதே. தாளில் இருந்தால்தான் எனக்கு நீ பேசின மாதிரி இருக்கும்.

அன்புடன்,
அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்கா,

நீயும் அத்தானும் நலமா? எனக்குக் காலில் சேற்றுப்புண். களிம்பு தடவுகிறேன், ஆறிவருகிறது.

பிள்ளைகள் எனக்குப் பேர் வைத்துவிட்டார்கள். தண்ணி மாமா. லாரி திருப்பத்தில் வரும்போதே கத்த ஆரம்பிக்கிறார்கள். தும்பை பூத்துவிட்டது. சின்னச் சின்ன வெள்ளைப் பூ. அதற்கு வண்ணத்துப்பூச்சி வந்த அன்று டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டு வகுப்பு முழுவதையும் வெளியே கூட்டி வந்தார். ஜெராக்ஸ் கடைக்காரர்கூடக் கடையை விட்டு வந்து எட்டிப் பார்த்தார். பார்க்காத மாதிரி திரும்பிப் போனார்.

சுண்டெலி என்று எழுதினேனே, அந்தப் பிள்ளை நேற்று என்னைப் பிடித்துக்கொண்டது.

"மாமா, உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"தள்ளி நில்லு, ஷூ நனையுது."

"இருக்கா, இல்லையா?"

"லாரி இருக்கு."

"லாரி எப்படிப் பிள்ளையாகும்?"

"தினமும் குளிப்பாட்டுறேன். வயித்த நிரப்புறேன். சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. வேற என்ன வேணும்?"

சிரித்தாள். அக்கா, அந்தச் சிரிப்பைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. அதனால் விட்டுவிடுகிறேன்.

இரண்டு சட்டை புதிதாக எடுத்தேன். தினமும் சவரம் செய்கிறேன். டயர் கடைக்காரர், "பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய தொல்லை. போன ஞாயிறு லாரி இல்லாமல் சும்மா அந்தத் தெருவில் நடந்துவிட்டு வந்தேன். கேட் பூட்டியிருந்தது. உள்ளே மைதானத்தில் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அறைக்குத் திரும்பினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் தம்பி


ஜூலை 29

தம்பிக்கு,

சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். கேட்க வேண்டியதை முதலில் கேட்கிறேன். எந்தப் பள்ளிக்கூடம் என்றேன், நீ பதில் சொல்லவில்லை. முழங்காலில் தாடை என்று எழுதுகிறாய். புதுச் சட்டை, சவரம் என்கிறாய். அது உன் பாப்பாதானே?

நான் சொல்வதை நிதானமாகப் படி. நீ நெடுந்தூர லாரியில் மாதக்கணக்கில் போனாய். வீட்டுக்கு வந்தபோதெல்லாம் பிள்ளை உன்னை யாரோ என்று நினைத்து அழுதது. உன் பெண்டாட்டி பொறுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். பிறகு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டாள். அவரைப் பற்றி நீயேகூட ஒரு குறையும் சொன்னதில்லை. கோர்ட் வராந்தாவில் வைத்து நீதானே சொன்னாய், "பிள்ளை அவரையே அப்பான்னு கூப்பிடட்டும். நான் குறுக்க வந்து குழப்ப மாட்டேன். வளந்து அதுவா கேட்டா அப்பப் பாத்துக்கலாம்" என்று? அப்போது எனக்குக் காது கேட்டது. ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கிறது.

அவர்கள் அந்த ஊருக்கு வந்தது உனக்கு முன்பே தெரியுமா? தெரிந்துதான் அந்த ஊரில் வேலை தேடினாயா? எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒரு நாள் உன் வாய் தவறும். அந்தப் பிள்ளை எந்த அப்பாவைப் பார்ப்பது என்று தெரியாமல் நடுவில் நிற்கும். சூப்பர்வைசரிடம் கேட்டு வேறு தெருவுக்கு மாற்றிக்கொள்.

மருந்துக் கடை மூடுவதற்குள் போக வேண்டும். இத்துடன் நிறுத்துகிறேன். நீ சுகம்தானே?

அக்கா


செப்டம்பர் 2

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. சட்டைப் பையில் வைத்திருந்து அது தண்ணீரில் நனைந்து, வெயிலில் காய்ந்து, இப்போது அப்பளம் மாதிரி இருக்கிறது.

ஆமாம், பாப்பாதான். உன் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், அவர்கள் இங்கே இருப்பது எனக்குத் தெரியாது. முதலில் உனக்கு எழுதியபோது உன் சாடை இருக்கிறதே என்று ஒரு சந்தேகம்தான். பிறகு ஒரு நாள், மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க அவள் அம்மா ஸ்கூட்டரில் வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். மற்றபடி அதே ஆள். நான் லாரிக்கு அந்தப் பக்கம் போய் டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். ஸ்கூட்டர் சத்தம் போன பிறகும் எழுந்திருக்கவில்லை. "டயர்ல காத்து இல்லையா மாமா?" என்று பாப்பாதான் வந்து கேட்டாள்.

தெருவை மாற்றிக்கொள்ளச் சொல்கிறாய். கேட்கத்தான் போனேன். சூப்பர்வைசர் நிமிர்ந்து "என்னய்யா?" என்றார். "பிரேக் கொஞ்சம் இழுக்குது சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நான் ஒன்றும் பேச மாட்டேன் அக்கா. தண்ணீர் ஊற்றுகிறேன், அவள் குழாயைப் பிடிக்கிறாள், மணி அடிக்கிறது, உள்ளே போகிறாள். அவ்வளவுதான். இதையும் விடச் சொல்கிறாய். இந்த அறையில் கட்டிலில் உட்கார்ந்தால் எதிரே சுவர். திரும்பிப் படுத்தால் இந்தப் பக்கம் சுவர். பேச்சுத் துணைக்குக் கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம். உனக்கென்ன, திரும்பினால் அத்தான் இருக்கிறார். உனக்கு இது புரியாது.

செடியெல்லாம் இடுப்பு உயரம் வந்துவிட்டது.

உன் தம்பி


அக்டோபர் 30

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் போடத் தாமதம். தையல் அதிகம்.

நான் இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு. காலுக்கு மருந்து போடு.

பாப்பாவைப் பார்ப்பதை நிறுத்து என்று இனிமேல் சொல்ல மாட்டேன். பார்க்கக் கிடைக்கிற வரைக்கும் பார்த்துக்கொள்.

மழைக்கு முன்னால் ஜன்னலுக்குக் கொக்கி போட ஆள் தேட வேண்டும். வேறு செய்தி இல்லை.

அக்கா


நவம்பர் 8

அன்புள்ள அக்கா,

நலம். நலமா என்று கேட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு நிலைகொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலையில் லாரியைத் திருப்பினால் தெரு வெறிச்சென்று இருந்தது. ஜெராக்ஸ் கடையிலிருந்து பள்ளிக்கூட கேட் வரை ஒரு செடி இல்லை. யாரோ பெரிய அதிகாரி வருகிறார், தெருவைச் சுத்தம் செய் என்று கான்ட்ராக்டரிடம் சொல்லியிருக்கிறார்கள். தோளில் மாட்டுகிற மிஷினோடு ஆட்கள் வந்து எல்லாவற்றையும் மழித்துவிட்டார்கள். தும்பை, நொச்சி என்று பிள்ளைகள் எழுதிச் செருகியிருந்த அட்டைகள் மட்டும் நின்றன. மிஷின்காரரைக் கேட்டால், "எங்களுக்கு என்னங்க தெரியும்? புல்லுன்னாங்க, வெட்டினோம்" என்கிறார். அவர் முகமும் செத்துப்போய்த்தான் இருந்தது.

பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். சிலர் அழுதார்கள். சிலர் வெட்டிக் கிடந்ததைப் பொறுக்கிப் பைக்குள் திணித்தார்கள். பாப்பா அழவில்லை. நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். மணி அடித்தது, எல்லோரும் உள்ளே போனார்கள், அவள் எழுந்திருக்கவில்லை. டீச்சர் கெஞ்சிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. குழாயை எடுத்து வெட்டிப் போட்ட கட்டைகளுக்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்படி நிற்கும்போதுதான் ஸ்கூட்டரில் அவள் அம்மாவும் கண்ணாடிக் கடைக்காரரும் வந்து இறங்கினார்கள். ஒளிந்துகொள்ள நேரம் இல்லை.

அவள் அம்மா என்னையே பார்த்தாள். "எத்தன நாளா?" என்றாள்.

"ஜூன்லேருந்து."

"அவகிட்ட..."

"ஒண்ணும் சொல்லல."

அவர் நேராகப் பிள்ளையிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுந்திரு என்று சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு, "வேர் இருக்கும்ல?" என்று கேட்டார்.

"தெரியல."

"யாருக்குத் தெரியும்?"

பாப்பா என்னைக் கைகாட்டினாள். "தண்ணி மாமாவக் கேளுங்க."

எனக்கும் தெரியாது அக்கா. "ஊத்திப் பாப்போம்" என்றேன். அதற்கு அவள் எழுந்து பையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

பிறகு அவர் என்னை லாரிப் பக்கம் கூட்டிப் போனார். "நான் ரெண்டாவதா வந்தவன்னு அவளுக்குத் தெரியும். மறைக்கல. முதல்ல இருந்தவர் லாரி ஓட்டுறார், தூரத்துல இருக்கார்னு சொல்லியிருக்கோம். இனிமே தூரத்துலன்னு எப்படிச் சொல்றது?" என்றார். நான் குழாயைச் சுருட்டினேன். "சொல்றதுன்னா நீங்களே சொல்லுங்க. நாங்க தடுக்க மாட்டோம். வேணாம்னா இந்தத் தெருவ விட்டுடுங்க. ரெண்டுங்கெட்டானா மட்டும் வேணாம்" என்றார். கோபப்படக்கூட இடம் கொடுக்காத மனிதர்.

ஸ்கூட்டரில் ஏறும்போது அவள் அம்மா, "அண்ணி எப்படி இருக்காங்க?" என்று மட்டும் கேட்டாள். நீ நன்றாக இருக்கிறாய் என்றேன்.

நான் என்ன செய்யட்டும்? அத்தானையும் கேட்டு எழுது. உடனே எழுது.

உன் தம்பி


நவம்பர் 29

அக்கா,

சுகமா? பதில் வரவில்லையே. தபால்காரர் டயர் கடையோடு திரும்பிப் போகிறார். நீ இப்படிச் செய்கிறவள் இல்லை. போன கடிதத்திலும் சுகம் என்று எழுதாமல், இருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். எனக்கு என் கவலைதான் பெரிதாக இருந்தது. அத்தானாவது ஒரு வரி போடக் கூடாதா?

பாப்பா விஷயத்தில் இன்னும் ஒன்றும் செய்யவில்லை. தண்ணீர் மட்டும் ஊற்றுகிறேன். கோரை முதலில் துளிர்த்துவிட்டது.

இரண்டு வரி போதும், எழுது.

தம்பி


டிசம்பர் 11

தம்பிக்கு,

உட்கார்ந்து படி.

அத்தான் ஆகஸ்ட் கடைசியில் போய்விட்டார். இருமல்தான். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருந்தார். வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கொண்டுவந்தேன். வந்த வாரமே முடிந்துவிட்டது. அக்கம்பக்கத்தார் எல்லாம் செய்தார்கள்.

உனக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். கேட்டிருந்தால் நீ லாரியை அப்படியே போட்டுவிட்டு வந்திருப்பாய். வேலை போயிருக்கும். பிள்ளையைப் பார்க்கிற அந்தக் கொஞ்ச நேரமும் போயிருக்கும். அது ஒரு காரணம். இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஜூலையில் அவருக்கு முடியாமல் போனபோதே எழுத ஆரம்பித்தேன். அப்போது உன் கடிதம் வந்தது. அது முழுக்க அந்தப் பிள்ளைதான். என் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, பாப்பாவைப் பற்றி உனக்குப் புத்தி சொல்லி எழுதினேன். பிறகு அவர் போய்ச் சில நாளில், உனக்கென்ன, அத்தான் இருக்கிறார் என்று எழுதியிருந்தாய். அதற்கு மேல் எனக்குப் பேனா ஓடவில்லை. கோபம் என்று நினைத்தேன். இப்போது அது கோபமும் இல்லை.

இங்கே எப்படி இருக்கிறது என்று கேட்டால், ஒன்றும் இல்லை. கடைக்குப் போகிறேன். கத்துகிறார்கள். காசைக் கொடுத்துவிட்டு வருகிறேன். அளவு கொடுக்க வரும் பெண்கள் தாளில் எழுதிக் காட்டுகிறார்கள். இவ்வளவு கை, இவ்வளவு நீளம். அதைத் தவிர யாரும் எனக்கு எதுவும் எழுதிக் காட்டுவதில்லை. தைத்துக்கொண்டிருக்கும்போது தோளில் தட்டி, சாப்பிடலாமா என்று வாயசைப்பார். இப்போது பசிக்கிற நேரம்கூடத் தெரியவில்லை.

நீ கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை தம்பி. முன்பெல்லாம் எல்லாவற்றுக்கும் வழி சொல்வேன். இரவில் அவரைக் கேட்டுக்கொண்டு காலையில் என் யோசனை மாதிரி உனக்கு எழுதுவேன். அது உனக்குத் தெரியாது. பாப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று நீயே பார்.

நான் சாப்பிடுகிறேன். கவலைப்படாதே.

அக்கா


டிசம்பர் 19

அன்புள்ள அக்கா,

என்ன எழுதுவது. அத்தானுக்குத் தோள் கொடுக்கக்கூட நான் இல்லை. உனக்கென்ன என்று எழுதின கையைப் பார்த்தால் எனக்கே கூசுகிறது. உன் கடிதத்தைப் படித்தபோது டயர் கடைக்காரர் பக்கத்தில் இருந்தார். கடையைப் பாதி அடைத்துவிட்டு என்னோடு மாடிக்கு வந்து உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு வருகிறேன். தற்காலிக ஆளுக்கு லீவு கிடையாது, போனால் போனதுதான் என்றார் சூப்பர்வைசர். சரி என்று சாவியைக் கொடுத்துவிட்டேன். அதற்காக நீ வருத்தப்படாதே. லாரி எந்த ஊரிலும் ஓடும்.

நேற்றுக் கடைசி முறையாக அந்தத் தெருவுக்குப் போனேன். ஒன்றும் சொல்லாமல் ஒரு நாள் காணாமல் போவது, நான் முன்பு அவளுக்குச் செய்ததுதான். அதை இன்னொரு தடவை செய்ய மனம் வரவில்லை. முந்தின நாள் கண்ணாடிக் கடைக்குப் போய் நானே சொல்லப்போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். "நல்லது" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

பாப்பா வழக்கம்போல் வந்து குழாயைப் பிடித்தாள். நொச்சியும் துளிர்த்திருக்கிறது, ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தாள்.

"நான் ஊருக்குப் போறேன்" என்றேன்.

"எப்ப வருவீங்க?"

"தெரியல. எங்க அக்கா வீட்டுக்காரர் இறந்துட்டாரு. அக்கா தனியா இருக்காங்க. காதும் கேக்காது."

"அப்ப எப்படிப் பேசுவீங்க?"

"எழுதுவேன்."

கொஞ்ச நேரம் தண்ணீர் ஊற்றினாள். நான் கேட்டேன், "வீட்ல உன்கிட்ட ஒரு லாரிக்காரரப் பத்திச் சொல்லியிருக்காங்களா?"

"ம்."

"அது நான்தான்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஒரே இடத்தில் விழுந்து குளமாகி நடைபாதையில் வழிந்தது. பிறகு குழாயை மூடினாள். கீழே போடாமல் மெதுவாக வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு கேட்டுக்குள் போனாள். மணி இன்னும் அடிக்கவில்லை. கூட்டாளிகள் கூப்பிட்டதற்கும் நிற்கவில்லை. மணி அடிக்கிற வரைக்கும் நின்று பார்த்தேன். வெளியே வரவில்லை.

சொன்னது சரியா என்று தெரியவில்லை அக்கா. சரி, தப்பு எதுவாக இருந்தாலும் இனி அது அவளுடையது.

என் உதடு உனக்குப் புரியாது. தாளும் பேனாவும் வாங்கி வைத்திருக்கிறேன். சாப்பிடலாமா என்பதுகூட எழுதியே கேட்கிறேன். ஜன்னலுக்குக் கொக்கி போட ஆள் தேட வேண்டாம்.

உன் தம்பி


பிப்ரவரி 3

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

நான் நலம். நீங்கள் நலமா? கடிதம் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தார்.

எனக்கு ஓர் அத்தை இருப்பதாக அம்மா சொன்னார். எனக்கு இதுவரை அத்தையே கிடையாது. அப்பாவுக்கு அண்ணன்கள் மட்டும்தான். உங்கள் விலாசம் அம்மாவிடம் பழைய பர்ஸில் இருந்தது. கடைசியில் உங்கள் மருமகள் என்று எழுத வேண்டும் என்றும் அம்மா சொன்னார். மருமகள் என்றால் கல்யாணம் ஆனவர்கள் இல்லையா என்று கேட்டேன். அத்தைக்கு அப்படித்தான் எழுத வேண்டும், சும்மா எழுது என்றார்.

உங்கள் வீட்டுக்காரர் இறந்ததற்கு வருந்துகிறேன். உங்களுக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கிறதா? காது கேட்காவிட்டால் கனவில் கேட்குமா? இதைக் கேட்கக் கூடாது என்றால் பதில் எழுத வேண்டாம்.

எங்கள் தெருவில் செடியெல்லாம் மறுபடி வந்துவிட்டது. வெட்டக் கூடாது என்று இப்போது போர்டு வைத்திருக்கிறார்கள். அதில் எழுத்துப் பிழை இருக்கிறது. தண்ணீர் ஊற்ற வேறு ஒருவர் வருகிறார். அவர் பேச மாட்டார். காதில் வயரை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டே ஊற்றுகிறார்.

அன்றைக்கு நான் பேசாமல் உள்ளே போய்விட்டேன். எனக்குப் பயம் இல்லை. கோபமும் இல்லை. என்ன சொல்வது என்று பாத்ரூமில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் சீக்கிரமே வந்து நின்றேன். லாரி மட்டும்தான் வந்தது.

இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கொஞ்ச நாள் ஆகும் போலிருக்கிறது. அதுவரைக்கும் உங்களுக்கு எழுதலாமா?

இந்தக் கடிதத்தை அவர் படிக்கலாம். ஆனால் நீங்கள் அவர் கையில் கொடுக்க வேண்டாம். எங்காவது கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிட்டு, நீங்கள் வேறு வேலை பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்